ஏட்டு லாபமும் 120 நாள் பாக்கியும்

ஒரு கட்டடக் கம்பெனி நல்லா நடக்குதா, தள்ளாடுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மளிகைக் கடைன்னா பிரச்சினையே இல்லை. ராத்திரி கல்லாவை எண்ணிட்டு, சரக்கு இருப்பையும் பார்த்தா குத்துமதிப்பா தெரிஞ்சுடும். கட்டடத் தொழில்ல அந்த வசதி கிடையாது. ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டி முடிக்க நாலஞ்சு வருஷம் ஆகும். பாதி கட்டின ஆஸ்பத்திரியில லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவுன்னு யாரால அடிச்சுச் சொல்ல முடியும்?

ஆனா சொல்லித்தான் ஆகணும். வருஷா வருஷம் ஆண்டறிக்கை போடணும், பங்குதாரருக்கு ஈவுத்தொகை தரணும், பேங்க்காரனைத் திருப்திப்படுத்தணும். இந்தச் சிக்கலை வச்சு ஒரு நாட்டோட கதையைச் சொல்லலாம்னு ரொம்ப நாளா ஆசை. அந்த நாடு இங்கிலாந்து. கட்டுமானத் தொழிலை அளக்கறதுக்குன்னே கமிட்டி போட்டு, அறிக்கை எழுதி, பட்டியல் தயார் பண்ணினவங்க அவங்க. அந்த ஊர்லயே இரண்டாவது பெரிய கட்டுமானக் கம்பெனி, ஆண்டறிக்கையில லாபம் காட்டின பத்தே மாசத்துல திவாலாச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க :-)

முதல் அறிக்கை: சண்டையை நிறுத்துங்கப்பா

1990களின் தொடக்கத்துல இங்கிலாந்துல பொருளாதார மந்தம். கட்டுமானத் தொழில் படுத்துடுச்சு. வேலை கொடுக்கறவருக்கும் காண்ட்ராக்டருக்கும் சண்டை, காண்ட்ராக்டருக்கும் சப்-காண்ட்ராக்டருக்கும் சண்டை. எல்லாரும் கோர்ட் வாசல்ல. என்னதான் பிரச்சினைன்னு பார்த்துச் சொல்லச் சொல்லி, முன்னாள் எம்.பி. சர் மைக்கேல் லாதம் கிட்ட பொறுப்பைக் கொடுத்தாங்க. 1994-ல் அவர் கொடுத்த அறிக்கைதான் 'கன்ஸ்ட்ரக்டிங் த டீம்'.

ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்தறதை விட்டுட்டு ஒரே அணியா வேலை செஞ்சா செலவை 30 சதவீதம் வரை குறைக்கலாம்னு அதுல ஒரு இலக்கு வச்சார். எல்லாரும் மேற்கோள் காட்டறது அதைத்தான். எனக்கு முக்கியமாப் படறது வேற. சண்டைக்கெல்லாம் பெரிய காரணம் பணம் கைமாறுற விதம்னு அவர் புரிஞ்சு வச்சிருந்தார். மேல இருக்கறவன் பணத்தை இழுத்தடிச்சா கீழ இருக்கறவன் சாவான். அவர் அறிக்கையோட விளைவா 1996-ல் ஒரு சட்டம் வந்தது. "எனக்கு வந்தாத்தான் உனக்குத் தருவேன்"னு சப்-காண்ட்ராக்டர் தலையில கட்டுற ஒப்பந்த ஷரத்து, வேலை கொடுத்தவரே திவாலாகிற மாதிரியான நிலைமை தவிர, இனிமே செல்லாதுன்னு அந்தச் சட்டம் சொல்லுச்சு. தகராறு வந்தா கோர்ட்டுக்குப் போய் வருஷக்கணக்கா நிக்காம, நடுவர் ஒருத்தர் 28 நாள்ல முடிவு சொல்ற முறையும் அதுலதான் வந்தது.

ஆக, பணம் எத்தனை நாள்ல கீழ போய்ச் சேருதுங்கறதுதான் இந்தத் தொழிலோட நாடித்துடிப்புன்னு 1994-லேயே அவங்களுக்குத் தெரியும். இதை மனசுல வச்சுக்கங்க. கடைசியில தேவைப்படும்.

இரண்டாவது அறிக்கை: பத்து அளவுகோல்

நாலு வருஷம் கழிச்சு, 1998-ல், துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட் போட்ட குழு இன்னொரு அறிக்கை கொடுத்தது. தலைவர் சர் ஜான் ஈகன். ஜாகுவார் கார் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினவர், அப்புறம் லண்டன் ஹீத்ரோ முதலான விமான நிலையங்களை நடத்தின பி.ஏ.ஏ. கம்பெனியோட தலைமை நிர்வாகி. கார் தொழிற்சாலையைப் பார்த்தவருக்குக் கட்டட சைட்டைப் பார்த்தா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கார் ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி வெளியே வருது. இங்கே ஒவ்வொரு கட்டடமும் முதல்ல இருந்து ஆரம்பிக்குது. எதையும் யாரும் அளக்கறதே இல்லை.

அவரோட 'ரீதிங்கிங் கன்ஸ்ட்ரக்‌ஷன்' அறிக்கை வருடாந்திர இலக்குகளை வச்சது. கட்டுமானச் செலவு வருஷத்துக்கு 10 சதவீதம் குறையணும், நேரம் 10 சதவீதம் குறையணும். கட்டடத்துல குறைபாடுகள் 20 சதவீதம் குறையணும், விபத்துகள் 20 சதவீதம் குறையணும். உற்பத்தித் திறனும் லாபமும் 10 சதவீதம் கூடணும். இப்படிப் போகுது பட்டியல்.

இலக்குன்னு ஒண்ணு வச்சா அளவுகோல் வேணுமே. அதுக்குன்னு வந்ததுதான் கட்டுமானத் துறைக்கான 'கேபிஐ'கள், அதாவது முக்கியச் செயல்திறன் குறியீடுகள். தலையாய அளவுகோல்கள் பத்து: வாடிக்கையாளருக்குக் கட்டடத்துல திருப்தியா, சேவையில திருப்தியா, குறைபாடு எவ்வளவு, சொன்ன செலவுல முடிஞ்சதா, சொன்ன நேரத்துல முடிஞ்சதா, செலவு குறைஞ்சதா, நேரம் குறைஞ்சதா, உற்பத்தித் திறன், லாபம், பாதுகாப்பு. உங்க கம்பெனியோட எண்ணை வரைபடத்துல குறிச்சா, நாட்டுல மத்த கம்பெனிகளோட ஒப்பிட்டு நீங்க எங்க நிக்கறீங்கன்னு தெரியும். பத்தையும் சேர்த்து சிலந்தி வலை மாதிரி ஒரு படம் போடுவாங்க. வலை அகலமா இருந்தா நீங்க கெட்டிக்காரர்.

நல்ல முயற்சிதான், கிண்டல் பண்ணலை. விபத்தை எண்ண ஆரம்பிச்சாத்தான் விபத்தைப் பத்திப் பேச்சே வரும். ஆனா 2009-ல் ஆண்ட்ரூ வுல்ஸ்டன்ஹோம் தலைமையில ஒரு குழு, பத்து வருஷத்துல என்னதான் நடந்ததுன்னு திரும்பிப் பார்த்துச்சு. ஈகன் வச்ச இலக்குகள்ல முழுசா எட்டினது கொஞ்சமே, பெரும்பாலானதுல ரொம்பப் பின்தங்கிட்டோம்னு அந்த அறிக்கை சொன்னது.

இப்போ அந்தப் பத்தையும் இன்னொரு தடவை படிங்க. ஏதாவது விட்டுப்போச்சா?

கையில காசு இருக்கா? கீழ இருக்கறவனுக்கு எத்தனை நாள்ல காசு போகுது? இந்த ரெண்டும் பட்டியல்ல இல்லை. லாதம் கையை வச்சுக் காட்டின இடம், பத்து அளவுகோல்ல ஒண்ணாக்கூட வரலை. லாபம் இருக்கேன்னு கேப்பீங்க. அங்கேதான் வில்லங்கம்.

லாபம்னா என்ன?

ஒரு மேஸ்திரி கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு வேலையை 100 லட்சத்துக்கு ஒத்துக்கறீங்க. 90 லட்சம் செலவாகும், 10 லட்சம் லாபம்னு உங்க மதிப்பீடு. வருஷக் கடைசியில 45 லட்சம் செலவாயிருக்கு. 90-ல் 45 பாதி. அதனால வேலை பாதி முடிஞ்சதா அர்த்தம். ஒப்பந்தத் தொகையில பாதி, 50 லட்சம் வருமானம். அதுல செலவு 45 போக லாபம் 5 லட்சம். ஆண்டறிக்கையில எழுதியாச்சு. இதுல தில்லுமுல்லு எதுவும் இல்லை. உலகம் பூரா ஒத்துக்கிட்ட கணக்கு முறைதான். பல வருஷம் நடக்கிற வேலைக்கு வேற நியாயமான வழியும் கிடையாது.

இப்போ அஸ்திவாரத்துல தண்ணி வந்துடுச்சு, கம்பி விலை ஏறிடுச்சு. மொத்தச் செலவு 90 இல்லை, 110 ஆகும்னு சைட் இன்ஜினியருக்குத் தெரியுது. அப்போ இந்த வேலையில 10 லட்சம் நஷ்டம். விதிப்படி அந்த முழு நஷ்டத்தையும் இந்த வருஷமே எழுதணும், தவணை முறை கிடையாது. ஒரே வேலை, ஒரே செங்கல், இதுவரை செலவானதும் அதே 45 லட்சம். "மொத்தம் எவ்வளவு ஆகும்"ங்கற ஒரே ஒரு ஊகம் மாறினதுல 5 லட்சம் லாபம் 10 லட்சம் நஷ்டமாயிடுச்சு.

அந்த ஊகத்தை எழுதறது யாரு? கம்பெனி நிர்வாகமே. மார்க் ஷீட்டை மாணவனே எழுதற மாதிரி. கூடவே இன்னொரு சலுகை. "கூடுதல் வேலை செஞ்சோம், அதுக்கு எக்ஸ்ட்ரா பணம் கேட்டிருக்கோம், கண்டிப்பா வந்துடும்"னு நம்பிக்கை இருந்தா, வேலை கொடுத்தவர் இன்னும் ஒத்துக்காத தொகையைக்கூட சில நிபந்தனைகளோட வருமானத்துல சேர்த்துக்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க. கட்டுமானக் கம்பெனி லாபத்துல பெரும்பகுதி, காசு கைக்கு வர்ற வரைக்கும் அந்தச் சுரைக்காய்தான்.

கரிலியன்

இப்போ கதாநாயகன் வர்றார். 1999-ல் டார்மாக் கம்பெனியில இருந்து பிரிஞ்சு உருவானது கரிலியன். ஆஸ்பத்திரி, ரோடு, ரயில் பாதைன்னு கட்டறதோட நிக்காம, பள்ளிக்கூடத்துல சாப்பாடு போடறது, ஜெயிலைப் பராமரிக்கறதுன்னு எல்லாத்துலயும் கை வச்சது. மௌலம், ஆல்ஃபிரெட் மெக்கல்பைன்னு போட்டிக் கம்பெனிகளை வாங்கிப் போட்டுச்சு. உலகம் முழுக்கச் சுமார் 43,000 பேர் வேலை பார்த்தாங்க. அரசாங்கத்தோட மட்டும் சுமார் 450 ஒப்பந்தம்.

2017 மார்ச் 1-ம் தேதி 2016-க்கான கணக்கை வெளியிட்டாங்க. விற்றுமுதல் சுமார் 520 கோடி பவுண்ட். வரிக்கு முந்தைய லாபம் சுமார் 14.7 கோடி பவுண்ட். கம்பெனி பிறந்ததுல இருந்து வருஷா வருஷம் ஈவுத்தொகையைக் கூட்டிக்கிட்டே வர்றோம்னு பெருமை வேற. அந்த வருஷமும் கூட்டினாங்க. தணிக்கை செஞ்ச கேபிஎம்ஜி நிறுவனமும் குறை எதுவும் சொல்லாம கையெழுத்துப் போட்டது.

நாலே மாசம். ஜூலை 10-ம் தேதி, ஒப்பந்தங்கள்ல 84.5 கோடி பவுண்ட் மதிப்பைக் குறைச்சுக்கறோம்னு ஒரு அறிவிப்பு. அதாவது லாபம்னு எழுதி வச்சிருந்த சுரைக்காய் அழுகிடுச்சு. அன்னிக்கு ஒரே நாள்ல பங்கு விலை 39 சதவீதம் சரிஞ்சது. செப்டம்பர்ல இன்னும் 20 கோடி சேர்ந்து மொத்தம் 104.5 கோடி ஆச்சு. முந்தின பல வருஷ லாபத்தை ஒரே மூச்சுல விழுங்கிடுச்சு. 2018 ஜனவரி 15-ம் தேதி கம்பெனி மூடப்பட்டது. அப்போ கடன் பொறுப்புகள் கிட்டத்தட்ட 700 கோடி பவுண்ட். கையில இருந்த ரொக்கம் 2.9 கோடி பவுண்ட். 19 வருஷமா தணிக்கை செஞ்ச கேபிஎம்ஜிக்குக் கொடுத்த மொத்தக் கட்டணமும் 2.9 கோடி பவுண்ட்தான்! எண்களுக்கும் நக்கல் தெரியும் போல.

அப்புறம் பார்லிமென்ட் குழுக்கள் தோண்டித் துருவி, 2018 மே மாசம் அறிக்கை கொடுத்தாங்க. ராயல் லிவர்பூல் ஆஸ்பத்திரி சமாச்சாரம் ஒண்ணு போதும். அந்த வேலையைக் கம்பெனிக்குள்ளேயே ஒரு குழு ஆய்வு செஞ்சு, 12.7 சதவீதம் நஷ்டம்னு சொல்லியிருக்கு. நிர்வாகம் அதை ஏத்துக்காம 4.9 சதவீதம் லாபம்னு கணக்குல எடுத்துக்கிச்சு. ஒரே கட்டடம், ஒரே சமயம், ரெண்டு எண். ஆண்டறிக்கைக்குப் போனது எதுன்னு சொல்லத் தேவையில்லை. 2017-ல் முடிய வேண்டிய அந்த ஆஸ்பத்திரி 2022-லதான் திறந்தது. கரிலியன் கையில இருந்த இன்னொரு ஆஸ்பத்திரி, பர்மிங்ஹாம் பக்கத்துல மிட்லண்ட் மெட்ரோபாலிடன், 2024 அக்டோபர்ல திறந்தது.

வளைகுடாவிலும் இதே கதை. கத்தார் தலைநகர் தோஹாவுல ஒரு பெரிய வேலை. எங்களுக்கு 20 கோடி பவுண்ட் வரணும்னு கரிலியன் சொல்ல, அவங்கதான் எங்களுக்குத் தரணும்னு எதிர்த்தரப்பு சொல்லிச்சு. வருஷத்துக்குப் பத்து தடவை தோஹா போய்ப் பணத்துக்காக நின்னேன்னு தலைமை நிர்வாகியா இருந்த ரிச்சர்ட் ஹவ்சன் பார்லிமென்ட் குழு முன்னாடி சொன்னார். யோசிச்சுப் பாருங்க, 43,000 பேர் வேலை பார்க்கற கம்பெனியோட தலைவர், சீட்டுப் பணம் வசூலிக்கற ஆள் மாதிரி அலைஞ்சிருக்கார்.

அந்த 120 நாள்

லாபம் ஏட்டுல. அப்போ ஈவுத்தொகைக்குக் காசு எங்கேருந்து வந்தது? 2012 ஜனவரியில இருந்து 2017 ஜூன் வரைக்கும், தொழில்ல இருந்து வந்த ரொக்கத்தைவிட 33.3 கோடி பவுண்ட் அதிகமா ஈவுத்தொகை கொடுத்திருக்காங்கன்னு பார்லிமென்ட் குழு கணக்குப் போட்டுச்சு. கடன் வாங்கினாங்க. புது ஒப்பந்தம் பிடிச்சா ஆரம்பத்துலயே வர்ற காசை வச்சுப் பழைய ஓட்டையை அடைச்சாங்க. நம்ம ஊர்ல இதுக்கு "ரொட்டேஷன்"னு பேரு. சைக்கிள் மிதிக்கிற வரைக்கும் விழாது.

மீதிக் காசு எங்கேருந்து வந்ததுன்னா, கீழ இருந்தவன் பாக்கெட்ல இருந்து. 2013-ல் கரிலியன் உரிய நேரத்துல பணம் கொடுப்போம்ங்கற நன்னடத்தை விதியில கையெழுத்துப் போட்டது. நடைமுறையில சப்ளையர்களுக்கு 120 நாள் தவணை. அவசரமா வேணுமா? பேங்க் மூலமா 45 நாள்ல வாங்கிக்கலாம், ஆனா ஒரு கழிவு பிடிச்சுக்குவாங்க. உன் கூலியை நீயே வட்டி கொடுத்து வாங்கற ஏற்பாடு! பேங்க்குக்குக் கம்பெனி தர வேண்டிய அந்தப் பணமும் இருப்புநிலைக் குறிப்புல கடன்னு வரலை. "இதர பாக்கி"ங்கற தலைப்புக்குள்ள உக்காந்துக்கிச்சு. அப்படி ஒளிஞ்சிருந்த தொகை 49.8 கோடி பவுண்ட் வரை இருக்கும்னு மூடிஸ் நிறுவனம் பின்னாடி சொன்னது.

கம்பெனி விழுந்தப்போ சுமார் 30,000 சப்ளையர்களும் சப்-காண்ட்ராக்டர்களும் 200 கோடி பவுண்ட் பாக்கியோட நின்னாங்க. குழாய் போடறவர், வயரிங் பண்றவர், சாரம் கட்டறவர். இவங்க வேலை முடிச்சிருந்தாங்க, ஆளுங்களுக்கு வாராவாரம் கூலி கொடுத்திருந்தாங்க. பேங்க் மாதிரி ஈடு வாங்கிக்கிட்டுக் கடன் கொடுத்தவங்க இல்லை. வரிசையில கடைசி. கம்பெனியோட ஓய்வூதியத் திட்டங்கள்ல இருந்த சுமார் 27,000 பேருக்கு, சொன்னதைவிடக் குறைஞ்ச ஓய்வூதியம். கேபிஎம்ஜிக்கு 2023 அக்டோபர்ல 2.1 கோடி பவுண்ட் அபராதம் போட்டாங்க. அந்த அபராதம் எந்த பிளம்பர் வீட்டுக்கும் போகலை.

கடைசியா வந்த அளவுகோல்

ஈகனோட பத்து அளவுகோல்தான் கரிலியனைக் கவுத்துச்சுன்னு நான் சொல்ல வரலை. அந்தப் பட்டியல் தொழிலைத் திருத்த வந்தது, கம்பெனி கணக்கைத் தணிக்கை பண்ண வந்ததில்லை. ஆனா ஒரு தொழில் எதை அளக்குது, எதை அளக்காம விடுதுங்கறதுல அதோட மனசு தெரிஞ்சுடும். கட்டடம் எத்தனை நாள்ல முடியுதுன்னு அளந்தாங்க. கட்டினவனுக்குக் காசு எத்தனை நாள்ல போச்சுன்னு அளக்கலை.

அது வந்தது ரொம்ப லேட்டா. பெரிய கம்பெனிகள் சராசரியா எத்தனை நாள்ல பாக்கி தீர்க்கறாங்கன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை பகிரங்கமா வெளியிடணும்னு 2017 ஏப்ரல்ல ஒரு விதி அமலுக்கு வந்தது. கரிலியனுக்கு அப்போ மிச்சமிருந்த ஆயுசு ஒன்பது மாசம். 2019 செப்டம்பர்ல இருந்து, வருஷத்துக்கு 50 லட்சம் பவுண்டுக்கு மேல போகிற மத்திய அரசு ஒப்பந்தம் வேணும்னா, 95 சதவீத பில்களை 60 நாளுக்குள்ள தீர்க்கறதைக் காட்டணும்னு ஆச்சு. அப்புறம் அதை இன்னும் இறுக்கினாங்க. அளவுகோல் வந்ததால எல்லாம் சரியாயிடலை. 2024 செப்டம்பர்ல ஐ.எஸ்.ஜி.ங்கற இன்னொரு பெரிய கம்பெனி விழுந்தது, 2,000 பேருக்கு மேல வேலை போச்சு. அங்கேயும் சப்-காண்ட்ராக்டர்கள் பாக்கியோட நின்னாங்க. ஆனாலும் இப்போ அந்த எண் வெளியில இருக்கு. அடுத்த வேலையை ஒத்துக்கறதுக்கு முன்னாடி ஒரு பெயின்டிங் காண்ட்ராக்டர் கம்ப்யூட்டர்ல அதைப் பார்த்துட்டு, "வேணாம்ப்பா"ன்னு சொல்ல முடியும். 1999-ல் அவரால முடியாது.

ஒரு கம்பெனி லாபத்தை ஊகிச்சு எழுதலாம், "கண்டிப்பா வந்துடும்"னு வராத பணத்தை எழுதலாம், கடனுக்கு வேற பேர் வைக்கலாம். ஆனா கீழ இருக்கறவன் கையில காசு போய்ச் சேர்ந்த தேதியை ஊகிச்சு எழுத முடியாது. ஒண்ணு போயிருக்கும், இல்லை போயிருக்காது. அந்த நாள் கணக்கு நீண்டுக்கிட்டே போனா, ஏட்டுல என்ன எழுதியிருந்தாலும் மேல ஏதோ நாறுதுன்னு அர்த்தம்.

சனிக்கிழமை சாயந்திரம் சம்பளம் தள்ளிப் போகிற சைட்ல இருந்து நல்ல கொத்தனார் முதல்ல கழண்டுக்குவார். அவருக்கு கேபிஐயும் தெரியாது, சிலந்தி வலைப் படமும் தெரியாது. கேபிஎம்ஜி 19 வருஷத்துல சொல்லாததை அவர் மூணே வாரத்துல சொல்லிடுவார்.

உங்கள்ல கட்டட வேலையில இருக்கறவங்க, வளைகுடாவுல சைட் பார்த்தவங்க நிறையப் பேர் உண்டு. உங்க அனுபவத்துல ஒரு கம்பெனி ஆடப் போகுதுன்னு முதல்ல காட்டிக்கொடுத்தது எதுன்னு எழுதுங்க. இந்தப் பதிவைவிட அது உபயோகமா இருக்கும்.